முடித்த வேலை கண்ணில் படட்டும்: அன்றாட வேலையில் ஊக்கமும் நிறைவும் காண ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். பெரம்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் எல்லோரும் இடம் பிடிக்க ஓடுவார்கள். அவர் மட்டும் பெட்டியில் அடித்திருக்கும் சின்னத் தகட்டைத் தேடுவார். "இது நம்ம ஷெல் டிவிஷன்ல இருந்து போன வண்டிம்மா" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டுத்தான் ஏறுவார். 1955-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் வெளியே போயிருக்கின்றன. அவர் கைபட்ட வெல்டிங் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு அது ஒரு பொருட்டாகவும் இருந்ததில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பதினேழு வருடம் ஆகிறது. காலையில் பெரம்பூரில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கிற வாழ்க்கை. நடுவில் ஒரு காலத்தில் ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசையும். சம்பளம் மோசமில்லை, மேனேஜரும் நல்லவர்தான். ஆனால் இன்று அறுபது பில் போட்டு முடித்தால் நாளை காலையில் மேஜையில் அதே உயரத்துக்கு வேறு அறுபது பில் இருக்கும். அப்பாவுக்குக் கை வைத்துப் பார்க்க ஒரு பெட்டி இருந்தது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. என் சிக்கல் அதுதான் என்று புரியவே எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அந்த ஒன்றரை வருடத்திலும் அதற்குப் பிறகும் செய்து பார்த்தது, படித்துத் தெரிந்துகொண்டது, கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லிப் பலித்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். முதல் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் "நானும் எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்" என்று பாதியில் விட்டார்கள்.

முதல் படி: எங்கே வலிக்கிறது என்று பாருங்கள் (ஒரு வாரம்)

"வேலை பிடிக்கலை" என்று நாம் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று உடம்பு அசதி. இன்னொன்று குறை: சம்பளம் சரியில்லை, மரியாதை இல்லை, லீவு கிடைக்கவில்லை. மூன்றாவது வெறுமை: எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்றே தெரியவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அசதிக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டாலும் தீராது, வெறுமைக்கு இரண்டு நாள் லீவு போட்டாலும் தீராது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஏழு நாள், வீடு திரும்பும்போது இரண்டே வரி. இன்று எந்த நேரத்தில், எந்த வேலையில், யாரோடு இருக்கும்போது மனசு கனத்தது? எப்போது லேசானது? காரணம், அலசல் எதுவும் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். எட்டாம் நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கனத்த வரிக்கும் பக்கத்தில் அசதி, குறை, வெறுமை என்று ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். எது அதிகம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 203 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் வேலையில் மிக நன்றாக இருந்த தருணம் எது, மிக மோசமாக இருந்த தருணம் எது என்று கேட்டார். 1959-ல் அவர் சொன்ன முடிவு எனக்குப் பெரிய தெளிவைக் கொடுத்தது. மோசமான தருணங்களில் பெரும்பாலும் நிர்வாகக் கொள்கை, மேலதிகாரி, வேலைச் சூழல் போன்றவை வந்தன. நல்ல தருணங்களில் சாதித்தது, அங்கீகாரம் கிடைத்தது, வேலையே சுவையாக இருந்தது என்று வந்தன. அதாவது மின்விசிறி ஓடவில்லை என்றால் எரிச்சல் வரும். ஓட ஆரம்பித்தால் எரிச்சல் போகும், அவ்வளவுதான். மின்விசிறி ஓடுகிறது என்பதற்காக யாரும் சந்தோஷமாக வேலைக்கு வருவதில்லை. இன்க்ரிமென்ட் வந்து மூன்றாம் மாதமே பழைய சலிப்பு திரும்புவதும் இதனால்தான்.

ஆனால் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. குறை இருந்தால் அதைக் குறையாகவே தீர்க்க வேண்டும். முறையிட வேண்டிய விஷயத்தை மனப்பயிற்சியால் சரிக்கட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள். தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. 2021-ல் அதே சட்டத்தைத் திருத்தித்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே இருந்த பெண்களின் கால் வலிக்கு தியானமா மருந்து? ஒரு ஸ்டூல்தான் மருந்து. பத்துப் பேர், அதற்கு மேல் இருக்கும் இடத்தில் பெண்களின் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் என்று இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்க்காரியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1918-ல் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) நெசவு மில் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது எங்கள் வட்டாரத்தில்தான். வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் நின்று பேசிய மண் இது. கேட்டுத்தான் வாங்கினார்கள். உங்கள் நோட்டில் "குறை" அதிகம் என்றால், தேதி, நேரத்தோடு எழுதி, தனியாகப் போகாமல் ஒருவரையாவது கூட அழைத்துக்கொண்டு, உரிய ஆளிடம் கொடுங்கள். அதை முடித்துவிட்டு மற்ற படிகளுக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: உடம்பு

இதில் நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. தூக்கம், தண்ணீர், மேஜையை விட்டு எழுந்து போய்ச் சாப்பிடும் சாப்பாடு. ஓ.எம்.ஆரில் கேப்பில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வருபவருக்கும், பீச் - தாம்பரம் வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வருபவருக்கும், வேலை தொடங்கும் முன்பே பாதி நாள் போய்விடுகிறது. போகும் பயணம், வரும் பயணம் இரண்டில் ஒன்றிலாவது போனைப் பையில் போடுங்கள். நான் காலையில் போடுவேன். வில்லிவாக்கம் தாண்டியதும் கொரட்டூர் ஏரிப் பக்கம் காற்று வரும். அதற்காகவே கதவோரம் நிற்பேன்.

பெண்களுக்கு இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. ஆபீஸ் வேலையால் வந்தது என்று நினைக்கும் அசதியில் பாதி, காலை ஐந்து மணியிலிருந்து அடுக்களையில் சேர்ந்தது. நோட்டில் அதையும் எழுதுங்கள். என் நோட்டைப் பார்த்த பிறகுதான் வீட்டில் காலை டிபனும் டப்பாவும் என் கணவர் பொறுப்புக்குப் போயின.

மூன்றாம் படி: முதல் இருபது நிமிடத்தைக் கட்டிப்போடுங்கள்

உற்சாகம் வந்ததும் தொடங்கலாம் என்று உட்கார்ந்திருப்பவருக்கு அது மதியம் வரை வராது. கையை வைத்த பிறகுதான் அது மெல்ல எட்டிப் பார்க்கும். அதனால் தொடக்கத்தை மனநிலையின் கையில் விடக் கூடாது.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றின் சாரம் இது: "இனிமேல் ஒழுங்காகச் செய்வேன்" என்ற தீர்மானத்தைவிட, "இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்" என்ற தீர்மானம் நன்றாக நிற்கிறது. நேரமும் இடமும் முன்பே முடிவாகிவிட்டால், அந்தக் கணத்தில் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

என் மேஜையில் இது இப்படி நடக்கிறது. பையை நாற்காலி முதுகில் மாட்டுவேன். தண்ணீர் பாட்டிலை வலப்பக்கம் வைப்பேன். கீபோர்டைத் தூக்கினால் அடியில் முந்தின நாள் சாயங்காலம் நானே எழுதி வைத்த துண்டுச் சீட்டு இருக்கும். ஒரே ஒரு வேலை, ஒரே வரி: "கோட்டிங் வெண்டர், மார்ச் ஸ்டேட்மென்ட், நாலாவது பில்லில் இருந்து." மெயில் திறக்கும் முன்பு அதைத் தொடங்கிவிடுவேன். இருபது நிமிடம் கழித்துத்தான் மெயில். "ஸ்டேட்மென்ட் சரிபார்" என்று மட்டும் எழுதினால் பலிக்காது. நாலாவது பில் என்று எழுதியிருப்பதால்தான் யோசிக்காமல் கை போகிறது.

கடை, மருத்துவமனை, கால் சென்டர் என்று வந்ததும் ஆட்கள் மொய்க்கும் வேலையில் இருபது நிமிடம் கிடைக்காதுதான். அங்கே ஐந்து நிமிடம் போதும். கவுன்டரைத் துடைத்து, சில்லறை அடுக்கி, பேனா எழுதுகிறதா என்று பார்த்துவிட்டு முதல் ஆளை நிமிர்ந்து பார்ப்பது. நாள் உங்களை இழுத்துப் போகும் முன் நீங்கள் ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும், அது எதுவாக இருந்தாலும்.

நான்காம் படி: முடித்த நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் எல்லோரிடமும் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் இருக்கும். அதன் சுபாவம் என்ன? முடித்ததை அடித்துவிடுவோம், பாக்கி மட்டும் கண்ணில் நிற்கும். நாள் முழுக்க உழைத்தவர் சாயங்காலம் அந்தத் தாளைப் பார்த்தால் தான் செய்யாதது மட்டுமே தெரியும். பிறகு எங்கே நிறைவு வரும்?

முதல் வாரம் எழுதிய அதே நோட்டைத் திருப்பி, பின் அட்டையிலிருந்து தொடங்குங்கள். நாள் முடியும்போது தேதி போட்டு, முடித்தவை மூன்று. பெரிய சாதனையாக இருக்க வேண்டியதில்லை. என் நோட்டிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை:

"ஜி.எஸ்.டி. வித்தியாசம் 1,840 ரூபாய், எங்கே என்று கண்டுபிடித்தேன். ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருந்தது.
ஸ்டோர்ஸ் பையனுக்கு ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) ஏன் தேதிவாரியாக வேண்டும் என்று புரிய வைத்தேன். இனிமேல் அவனே அடுக்குவான்.
ஆடிட்டர் கேட்ட பதினோரு வவுச்சரில் ஒன்பது எடுத்தாயிற்று."

இரண்டு பாக்கி இருக்கிறதே என்று மூன்றாவது வரியைப் பார்த்துத் தோன்றும். எழுதாதீர்கள். பாக்கிக்கு வேறு தாள் இருக்கிறது. இந்த நோட்டு, கை வைத்துப் பார்க்கிற பெட்டி.

டெரசா அமாபிலி என்பவரும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களில் 238 பேரை நாள்தோறும் குறிப்பு எழுத வைத்து, ஏறக்குறைய 12,000 குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: மனசு நன்றாக இருந்த நாட்களில் மிக அதிகமாகத் தென்பட்டது பாராட்டும் இல்லை, போனஸும் இல்லை, தனக்குப் பொருள் உள்ள வேலையில் ஓர் அடி முன்னே போனது, அதுவும் சின்ன அடியாக இருந்தாலும் போதுமானதாக இருந்தது. ஊழியர்களை எது ஊக்குவிக்கும் என்று மேலதிகாரிகளைத் தனியாகக் கேட்டபோது, அவர்கள் கடைசி இடத்தில் வைத்தது இதைத்தான். உங்கள் முன்னேற்றத்தை உங்களுக்கு எடுத்துக் காட்ட மேலே யாருக்கும் தோன்றாது. நீங்களேதான் எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதில் சில நுணுக்கம் உண்டு. "நிறைய வேலை செய்தேன்" என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. எண்ணோ பெயரோ பொருளோ ஒன்று இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றாவது இன்னொருவருக்கு உதவியதாக இருக்கட்டும். ஒன்றுமே முடியாத நாளில், ஏன் முடியவில்லை என்று கண்டுபிடித்ததையே முடித்ததாக எழுதலாம்: "சர்வர் மூன்று மணி நேரம் டவுன். அதுவரை ஃபைல் ரூமில் பழைய பெட்டி இரண்டு அடுக்கினேன்." கையால் எழுதுங்கள். போனில் எழுதத் திறந்தவர்கள் எழுதிய வரியைவிடப் பார்த்த வீடியோ அதிகம்.

வெள்ளிக்கிழமை திரும்பும் வண்டியில் அந்த வாரப் பதினைந்து வரியையும் ஒரு தடவை படிப்பேன். முதல் மாதம் எனக்கே நம்ப முடியவில்லை, இத்தனையா என்று.

ஐந்தாம் படி: உங்கள் வேலையின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். எங்களுக்கு புஷ் என்ற சின்ன உருளை உதிரிபாகம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன லேத் பட்டறைக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். எஸ்டேட்டிலேயே இரண்டு லேத், நான்கு ஆள் வைத்திருப்பவர். சட்டைக் கையில் கூலன்ட் எண்ணெய்க் கறை. உள்ளே வரத் தயங்கி, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"மேடம், அந்த 86,000 பில்லு... பாஸ் ஆயிடுச்சான்னு மட்டும் பார்த்துச் சொல்றீங்களா?"

"டிராயிங் நம்பர் தப்பா இருக்குன்னு நிறுத்தி வெச்சிருக்கேண்ணா. திங்கக்கிழமை பார்த்துக்கலாமா?"

"நாளைக்குப் பசங்களுக்குக் கூலி போடணும் மேடம். ஒரு பையன் ஊருக்குப் போறான், திருவிழாவாம்."

பையைக் கீழே வைத்தேன். பில்லை எடுத்துப் பார்த்தால் டிராயிங் நம்பரில் 6 என்பது 0 மாதிரி விழுந்திருந்தது, அவ்வளவே. தரம் பார்க்கும் கியூ.சி. பிரிவுக்கு ஒரு போன், ஒரு கையெழுத்து, கடைசி ஆர்.டி.ஜி.எஸ். பட்டியலில் சேர்த்தேன். மொத்தம் பதினைந்து நிமிடம். அந்த பில் என் மேஜையில் பதினோரு நாளாகக் கிடந்தது. எனக்கு அது அறுபதில் ஒன்று. அங்கே நான்கு வீட்டின் சனிக்கிழமை.

சட்டமும் அவர் பக்கம்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இந்த விதிகளெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்த எண்ணெய்க் கறையைப் பார்க்கும் வரை அது விதியாக மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சிறு பட்டறை பில்லிலும் ஒரு சனிக்கிழமை தெரிகிறது.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. ஆடம் கிரான்ட் 2007-ல் வெளியிட்டது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை திரட்டுபவர்களில் ஒரு குழுவை மட்டும், அந்தப் பணத்தில் படித்த ஒரு மாணவரோடு சில நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது, திரட்டிய பணமும் அப்படியே. சம்பளம் கூடவில்லை, மேலாளர் மாறவில்லை. மறுமுனையில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

செய்ய வேண்டியது: உங்கள் கையை விட்டுப் போன பிறகு உங்கள் வேலை எங்கே போகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே போங்கள், ஒரு மனிதர் வரும் வரை நிறுத்தாதீர்கள். சாஃப்ட்வேர் டெஸ்டர் என்றால் அந்தச் செயலியைத் திறக்கும் ஆள் வரை. ஆவின் பூத்துக்குப் பால் இறக்குபவர் என்றால் ஆறு மணிக்குப் பாக்கெட்டோடு போகும் தாத்தா வரை. பிறகு அந்த மனிதரை ஒரு தடவையாவது நேரில் பாருங்கள், முடியாவிட்டால் போனில் பேசுங்கள். கற்பனை செய்துகொண்டால் போதாது. எங்கள் கம்பெனியில் மாதம் ஒரு தடவை ஒரு வெண்டர் பட்டறைக்கு நேரில் போய் வருகிறேன். கேட்டேன், அனுமதித்தார்கள்.

மறுமுனைவரை போய்ப் பார்த்து, அங்கே யாருக்கும் நன்மை இல்லை, சிலருக்குத் தீமைதான் என்று தெரிந்தால்? திருப்பிக் கட்ட முடியாதவருக்குக் கடன் தள்ளிவிடுவது மாதிரி வேலை. அப்படியானால் உங்கள் சலிப்பு நியாயமானது. அதை மறைக்க வேறு உற்சாகம் தேட வேண்டாம், கடைசிப் படிக்குப் போங்கள்.

ஆறாம் படி: பத்தில் ஒரு பங்கை உங்கள் கைக்குக் கொண்டு வாருங்கள்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, மனிதருக்குள்ளிருந்தே ஊக்கம் வரத் தேவையானவை மூன்று என்றார்கள்: தன் முடிவில் நடப்பது, திறமை கூடுவதை உணர்வது, பிறரோடு ஒட்டுதல். இதில் முதலாவது நம் ஊர் ஆபீஸ்களில் அரிது. எல்லாவற்றுக்கும் மேலிருந்து உத்தரவு. ஆனாலும் எந்த வேலையிலும் பத்தில் ஒரு பங்கு யாரும் கவனிக்காமல் கிடக்கிறது. எந்த வரிசையில் செய்வது, எந்தப் படிவத்தில் எழுதுவது, யாரிடம் முதலில் கேட்பது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

2001-ல் ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இருவர் எழுதியதில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். ஒரே சம்பளம், ஒரே வேலை. சிலர் தரையைத் துடைப்பதாகச் சொன்னார்கள். வேறு சிலர் நோயாளி குணமாக உதவுவதாகச் சொன்னார்கள். இரண்டாவது வகையினர் செய்த வேலையே வேறாக இருந்தது: நோயாளிகளோடு பேசினார்கள், செவிலியர் வேலை தடங்கலின்றி நடக்கத் தங்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ராஜீவ் காந்தி பொது மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதிதல்ல. வார்டில் எந்த அக்காவிடம் வழி கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார் என்று நோயாளிகளுக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. சம்பளம் இல்லாமல் கூடுதல் வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்கு இது பெயரல்ல. இருக்கும் நேரத்துக்குள் வேலையின் வடிவத்தை மாற்றுவது மட்டுமே.

மேனேஜரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தால் புகாராகப் போகாமல், கெடு வைத்த சோதனையாகக் கொண்டு போங்கள். நான் கேட்டது கிட்டத்தட்ட இப்படி:

"சார், ஒரு சின்ன விஷயம். பில்லு வர்ற வரிசையில போடாம, சின்ன வெண்டர் பில்லை மட்டும் தினமும் காலைல பத்துல இருந்து பதினொன்றரைக்குள்ள முடிச்சிடட்டுமா? நாலு வாரம் பண்ணிப் பார்க்கிறேன். ஃபாலோ அப் போன் குறையலைன்னா பழையபடி மாத்திக்கலாம்."

"மன்த் எண்ட்ல இடிக்காதே?"

"அந்த மூணு நாள் மட்டும் பழைய முறைப்படி பண்றேன் சார்."

"சரி, பாருங்க."

நான்கு வாரத்தில் போன் பாதியாகக் குறைந்தது. அதைவிட, பத்து மணியிலிருந்து பதினொன்றரை என்பது நான் வகுத்த நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்குச் சலிப்பு வந்ததே இல்லை.

ஏழாம் படி: ஒரு நாராயண ஐயரைத் தேடுங்கள்

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார், ராமானுஜன். நாம் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுவோம். என் துறை கணக்கு என்பதாலோ என்னவோ, எனக்கு அவருடைய மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் மேல்தான் மதிப்பு அதிகம். தனக்குக் கீழே வேலை செய்யும் பையன் ஓய்வு நேரத்தில் என்ன எழுதுகிறான் என்று பார்த்தார், தானும் கணிதம் தெரிந்தவர் என்பதால் அவனோடு உட்கார்ந்தார், கழகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் வரை கொண்டு போனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன கடிதத்துக்குப் பின்னால் அந்த ஆதரவு இருந்தது.

வேலை செய்யும் இடத்தில் உங்கள் திறமையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஒரு ஆள் போதும். அவர் உங்கள் பிரிவில் இருக்க வேண்டியதில்லை, பதவியில் உயர்ந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. எனக்கு அது எங்கள் டூல் ரூமில் இருக்கும் ஒரு மூத்த ஃபிட்டர். நாலு மணி டீக்கு எஸ்டேட் ரோட்டுக் கடையில் நிற்கும்போது, ஒரு பில்லில் மெட்டீரியல் கிரேடு, அதாவது எஃகின் ரகம், தப்பாக இருந்ததை நான் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். "அக்கவுண்ட்ஸ்ல ஒக்காந்துகிட்டு இ.என். எட்டுக்கும் இ.என். முப்பத்தொன்னுக்கும் வித்தியாசம் பார்த்தியாம்மா!" என்றார். அந்த ஒரு வரி எனக்கு அப்ரைசல் கடிதத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்போதிருந்து மாதம் ஒரு புது விஷயம் அவரிடம் கற்றுக்கொள்கிறேன். போன மாதம் மைக்ரோமீட்டர் பிடிக்க.

அந்த ஆள் கிடைக்கவில்லை என்றால், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் அப்படி இருங்கள். வாரம் அரை மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியும் என்பது நமக்கே தெரிகிறது.

எட்டாம் படி: ஷட்டரை இறக்குங்கள்

எங்கள் தெரு அண்ணாச்சி கடையைப் பத்து மணிக்கு மூடுவதை நின்று பார்த்திருக்கிறேன். கல்லாவை எண்ணுவார். மறுநாள் கோயம்பேட்டில் வாங்க வேண்டியதை ஒரு அட்டையில் எழுதுவார். ஷட்டரைப் பாதி இறக்கி, வாசலில் கற்பூரம் ஏற்றி, முழுக்க இறக்கிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.

நம் வேலைக்கு ஷட்டர் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதரைக்கும் மேனேஜர் "பி.எஃப்.ஏ." (இணைப்பைப் பார்க்கவும்) போடுவார். வேலை நேரத்துக்குப் பின் மனசளவில் வேலையை விட்டு விலகியவர்கள்தான் மறுநாள் தெம்போடு வருகிறார்கள் என்று சபீன் சோனன்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்து சொல்லி வருகிறார். ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தை அண்ணாச்சி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கல்லா எண்ணுவது, முடித்த நோட்டில் மூன்று வரி. கோயம்பேட்டு அட்டை, கீபோர்டுக்கு அடியில் வைக்கும் துண்டுச் சீட்டு. பூட்டை இழுத்துப் பார்ப்பது, குழுவை மறுநாள் காலை வரை மியூட் செய்வது. நிஜமான அவசரம் என்றால் போன் அடிப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "ராத்திரி எட்டுக்கு மேல மெசேஜ் பார்க்க மாட்டேன் சார், அவசரம்னா கூப்பிடுங்க, எடுப்பேன்." நான் சொன்ன பிறகு ஒன்றரை வருடத்தில் நான்கு தடவைதான் கூப்பிட்டார்கள். நான்கும் நிஜமான அவசரம்.

ஒன்பதாம் படி: மூன்று மாதம் செய்தும் மாறவில்லை என்றால்

மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நோட்டில் "வெறுமை" வரிகள் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் இரண்டில் ஒன்று.

ஒன்று, நீங்கள் தேய்ந்து போயிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைச் சமாளிக்கப்படாத நாட்பட்ட பணியழுத்தத்தின் விளைவு என்று வகைப்படுத்தி, மூன்று அடையாளம் சொன்னது: வற்றிப்போன அசதி, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் நின்றால் மருத்துவரிடம் போங்கள். தூக்கம் கெட்டு, வாழ்வதே பாரமாகத் தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. என் தோழி ஒருத்தி அழைத்தாள். யாரிடமும் சொல்ல முடியாததை முதல் தடவை சொன்னது அங்கேதான் என்றாள்.

இரண்டு, இடம் சரியில்லை. அப்போது விலகுவதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் கோபத்தில் கடிதம் எழுதாதீர்கள். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். பி.எஃப். யு.ஏ.என். எண்ணில் ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நிரந்தர ஊழியராக ஐந்து வருடம் முடிய சில வாரங்களே இருந்தால் பொறுங்கள். முடிந்தால் வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உங்களுக்கு உரியது.

அடுத்த இடத்துக்கு ரெஸ்யூம் எழுத உட்காரும்போது, பின் அட்டையிலிருந்து தொடங்கிய அந்த நோட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலோர் "அக்கவுண்ட்ஸ் பேயபிள், டேலி, எக்செல்" என்று எழுதுகிற இடத்தில், உங்களிடம் தேதியோடு, தொகையோடு, எண்ணோடு நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். அவற்றிலிருந்து பத்தைப் பொறுக்கி எழுதுங்கள். பொறுக்கும்போது, எந்த வரிகளில் கை தானாக நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையில் தேட வேண்டியது அவைதான். இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் நோட்டில் கை நின்றவை எல்லாம் சின்னப் பட்டறை பில்கள். அதனால் நான் இன்னும் அம்பத்தூரில்தான் இருக்கிறேன்.